கருத்துக் கேட்பு

குடிமைக் கல்வி மசோதாவின் வரைவு
சேரம்பாடிப் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள்
இரண்டாம் பக்கத்தை மழை படித்து முடித்திருந்தது.

திங்களுக்குள் கருத்து அனுப்ப வேண்டும்.
படிவத்தில் நான்கு கோடு.
"வரவேற்கிறோம்னு போட்டுடுங்க டீச்சர்"
என்றார் தலைமையாசிரியர்.
வெள்ளி கடைசிப் பீரியடை
இப்போதே ஒதுக்கியும் வைத்துவிட்டார்.

எட்டாம் வகுப்பில் வாசித்தேன்.
உரிமைக்கு ஒரு கொட்டாவி.
கடமைக்கு இரண்டு.
வெள்ளி கடைசி என்றதும்
லோகேஸ்வரி எழுந்தாள்:

"நாலரை பஸ்ஸ நிறுத்திட்டாங்க மிஸ்.
லைன் வீட்டுப் பிள்ளைங்க
மூணேகாலுக்கே கிளம்பணும்.
பதினேழு பேருக்கு இந்தப் பாடம் கிடையாது."
கொஞ்சம் நின்று,
"நடந்தா ஆனை நிக்கும்."

மூன்றாம் பெஞ்சில் சுதர்சன்
பென்சிலைச் சீவத் தொடங்கினான்.
அவன் அப்பா, போன ஆடியில்.

நான்கு கோட்டில் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறிதாக்கி ஓரத்தில் ஏற்றி
பேருந்தின் தடம் எண்ணையும் எழுதினேன்.

"இது போக்குவரத்துக்குப் போக வேண்டியதுல்ல?"
"ஆமா சார்."
முத்திரையை எடுத்தார்.
வைத்தார்.
துணியால் அதன் முகத்தைத் துடைத்து
மறுபடி எடுத்தார்.

திங்கள் மதியம்
லோகேஸ்வரி ஒரு தாளோடு வந்தாள்.
பெறுநர், கிளை மேலாளர், கூடலூர்.
கீழே பதினேழு கையெழுத்து,
ஒன்று மட்டும் பென்சிலில்.

"அனுப்புநர்ல என் பேரா மிஸ்,
எல்லார் பேருமா?"

தட்டுகள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தன.
முட்டை போடும் நாள்.
எனக்குச் சட்டென்று தெரியவில்லை.