நாலுக்கு ஒண்டு

கச்சான் காற்று மூன்று நாளாய் நிற்கவில்லை.
கந்தளாய் வயல்களின் சூட்டையெல்லாம் வாரிவந்து
திருக்கடலூர் மைதானத்தில் கொட்டியது.
கடல் கண்ணுக்கு முன்னால்தான்.
அதனிடமிருந்து ஒரு துளி குளிர் வரவில்லை.

பிற்பகல் இரண்டரை.
கோல் கம்பத்தைத் தொட்டால் கை சுடும்.
நான் காப்பாளன், தொட்டுத்தான் ஆகவேண்டும்,
கையுறையில் வேறு ஓட்டை.

மாவட்டப் போட்டிக்குப் பதினொரு நாள்.
"இன்னும் ஆறு சுற்று, பிறகு தண்ணி"
என்றார் கப்ரியேல் மாஸ்டர்.
அவரும் குடிக்கவில்லை, அதையும் சொல்லவேண்டும்.
வேலியோரம் வரிசையாய்க் கிடந்த போத்தல்கள்
தேத்தண்ணி வைக்கிற சூட்டுக்கு வந்திருந்தன.
தண்ணி கேட்டவனுக்கு மூன்று சுற்றுக் கூட.
ஒருவரும் கேட்கவில்லை.

நிருக்சன் கேட்கவே மாட்டான்.
முதல்நாள் இரவு காய்ச்சல் இருந்ததையும்
அவன் யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் பதினொருவரில் இடம் போகும்,
இடத்துக்கு வெளியே நாலு பேர் நிற்கிறார்கள்.

ஐந்தாவது சுற்றில் அவன் கால் வைத்த விதம்
எனக்குப் பிடிக்கவில்லை,
முழங்காலளவு தண்ணீரில் நடப்பவனைப் போல.
அதற்குப் பிறகுதான் பந்து அவனிடம் வந்தது.
திரும்பினான்.
என்னை நோக்கி ஓடிவந்தான்,
எனக்கு முன்னால் நின்று மறிக்க வேண்டியவன்.
"எனக்குத் தா!" என்று கத்தினேன்.
அவன் கண் என்னைத் தாண்டி
வலைக்குப் பின்னால் எதையோ பார்த்தது.
இடது மூலையில் அடித்தான்.
நல்ல அடி.
இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு
கடல் பக்கமாய் ஓடினான்.

சிரித்தோம்.
நான் நிலத்தில் இருந்தே சிரித்தேன்,
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
"டேய், எந்த அணிக்கடா விளையாடுறாய்?"
"நாலுக்கு ஒண்டு" என்றான்.
பிறகு தங்கச்சியின் பெயர் சொல்லி
என்னைக் கூப்பிட்டான்.
மற்றவர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

விழுந்தான்.
போத்தலை முகத்தில் ஊற்றினோம், சுடுதண்ணி.
தோளைத் தொட்டேன்,
கோல் கம்பம்.
மாஸ்டர் ஓட்டோ தேடி அங்கும் இங்கும் ஓடினார்.
விசிலை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்,
மூச்சு விட விட
அது தானாக ஊதிக்கொண்டிருந்தது.

கரையில் கிண்ணியா லொறி ஒன்று
மீன் ஏற்றிக்கொண்டு நின்றது.
இஸ்ஸதீன் எட்டிப் பார்த்தான்.
ஒரு கேள்வி கேட்கவில்லை.
பெரிய பைபர் தொட்டியிலிருந்த பாரைகளை
அப்படியே மணலில் கவிழ்த்தான்,
அன்றைய வியாபாரம் முழுவதும்.
"கழுத்துமட்டும் போடுங்க.
ஆஸ்பத்திரிக்குப் பொறகு போகலாம்."

உடைத்த ஐஸ், உருகிய தண்ணி,
செதில், மீன் இரத்தம்.
நான் அவன் தலையைத் தண்ணிக்கு மேலே பிடித்திருந்தேன்.
இவ்வளவு பாரமாய் எதையும் பிடித்ததில்லை.
என் விரல்கள் மரத்து, வலித்து,
பிறகு இல்லாமலே போயின.
பதினைந்து நிமிடம் இருக்கும்.
"குளிருது" என்றான்,
கூடவே ஒரு தூசணமும்.
மாஸ்டர் மணலில் இருந்துவிட்டார்.
விசில் நின்றது.

மாவட்டப் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றோம்.
இப்போது பயிற்சி விடிய ஐந்தரைக்கு.
மைதானத்தின் நடுவிலேயே தண்ணிப் பீப்பா,
கால்மணிக்கு ஒருமுறை மாஸ்டர் விசிலடிப்பார்,
ஓடச் சொல்லியல்ல, குடிக்கச் சொல்லி.
காய்ச்சல் என்றால் காய்ச்சல் என்று சொல்லலாம்,
இடம் போகாது.
சொல்கிறவர்கள் இன்னும் குறைவுதான்.

இஸ்ஸதீனுக்குக் காசு சேர்த்துக் கொண்டுபோனோம்.
பாதியை எடுத்தான்.
மீதிக்குப் பந்து வாங்கச் சொன்னான்.

நிருக்சன் ஒரு மாதம் விளையாடக் கூடாது.
வேப்பமர நிழலில் தொப்பியோடு இருப்பான்.
அந்த நாளில் அவனுக்கு ஐஸ் நினைவில்லை,
ஆஸ்பத்திரி நினைவில்லை, கோல் மட்டும் நினைவு.
"நல்ல அடிதானே?" என்று கேட்பான்.
"ஓம்" என்பேன்.
"அண்டைக்கு எத்தனைக்கு எத்தனை?"
"பயிற்சிதானே, கணக்கில்லை."

நாங்கள் சிரித்தோமா என்று
அவன் இன்னும் கேட்கவில்லை.
கேட்டால் சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன்.