சொல்லடைவில் ஒரு சொல்

திபிலீசியில் அதற்குப் பெயர் வறண்ட பாலம்.
அன்று மழை.
தார்ப்பாயின் கீழே
பழைய பதக்கங்கள், கரண்டிகள், கேமராக்கள் நடுவே
மாமுகா இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தான்.
"செல் வேணுமா, வேதியியல் வேணுமா?"
பழக்கடையில் கேட்பது போல.
என்னிடம் நாற்பது லாரி.
ஒன்றுக்குத்தான் கட்டும்.

முதலாவது புதியது, ஆங்கிலம்.
தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிறது.
பக்கத்துக்குப் பக்கம் வண்ணம்:
ஆரஞ்சு நிற மைட்டோகாண்ட்ரியா,
யாரோ ஊதிவிட்ட கொழுப்புத் துளிகள்.
உயிர் இத்தனை சுத்தமாய் இருக்குமென்று
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
ஒன்பது வருடம் இருந்தவள் எப்படி நம்புவாள்?

இரண்டாவது ருஷ்ய மொழி,
முதுகில் பிளாஸ்திரி.
படமே கிடையாது. அம்புக்குறிகள்.
அவற்றின் தலைமேல் நொதிகளின் பெயர்கள்,
விரைவு ரயில் நிற்காமல் தாண்டும் நிலையங்கள் போல.

எது நல்ல புத்தகமென்று
பேராசிரியர்கள் பட்டியல் போடுவார்கள்.
எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான்:
ஒரு சொல்லை எடு,
இரண்டின் சொல்லடைவிலும் தேடு.

என் சொல் லாக்டேட்.
இரவுப் பணியில், சாம்பல் மூடிக் குழாய்களில்
நான் ஒட்டுகிற சீட்டு.
எண் நாலைத் தாண்டினால்
மேல்மாடிக்கு ஓடு என்று உத்தரவு.
ஓடியிருக்கிறேன்.
எதற்கு ஓடினேனென்று
அவர்கள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

புதியதில் அரைப் பக்கம்:
மூச்சு போதாத தசை, ஓடுகிற ஒருவன்,
அழகான தொடை. முடிந்தது.

பழையதில் ஆறு பக்கம்.
தசை வெளியேற்றியதை ரத்தம் சுமந்துபோகிறது.
கல்லீரல் அதை வாங்கி
மறுபடி சர்க்கரையாக்கித் திருப்பி அனுப்புகிறது.
அம்புக்கு இரண்டு முனை.

குப்பை என்றல்லவா நினைத்திருந்தேன்,
ஒன்பது வருடமாக!
தார்ப்பாயின் ஓரம் ஒழுகித் தோள் நனைந்தது
பிறகுதான் தெரிந்தது.

ஓரங்களில் யாருடையதோ பென்சில்.
ருஷ்யச் சொற்களுக்குப் பக்கத்தில்
கொடிச்சுருள் போன்ற எங்கள் எழுத்தில் அர்த்தம்.
செல் என்றால் உஜ்ரேதி.
அங்கங்கே கேள்விக்குறி,
ஓரிடத்தில் மட்டும் அழுத்தமாக: பொய்!

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தோடு
பென்சில் நின்றுவிடுகிறது.
தேர்வில் தோற்றாளோ, கல்யாணமோ,
மின்சாரமில்லாத அந்தக் குளிர்காலங்களில் ஒன்றோ.

"அது முப்பது வருஷப் பழசு, நெஸ்தான்.
அப்புறம் எவ்வளவோ கண்டுபிடிச்சிட்டாங்க."
வியாபாரிக்கு இவ்வளவு நேர்மை ஆகாது.
"என் கல்லீரல் அதைவிடப் பழசு" என்றேன்.

பதினெட்டு லாரி.
அந்த ஆரஞ்சுப் படத்தை
இன்னொரு முறை திறந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்,
பொய் சொல்வானேன்.

மினிபஸ்ஸில் ஜன்னலோர இருக்கை.
இருநூற்றுப் பதின்மூன்று.
முதல் வரியிலேயே தெரியாத சொல் மூன்று.
கைப்பையைத் துழாவினேன், பென்சில் இல்லை.
புருவம் தீட்டுகிற குச்சி இருந்தது.
மூடியைப் பல்லால் கழற்றினேன்.