இடது செட்டை

றெட்பானாச் சந்திக்குக் கிழக்கே, அரிசி ஆலைக்குப் பக்கத்தில்
என் தகரக் கொட்டில்.
எஞ்சின் நான் தொடுவதில்லை, அதற்கு எதிரே கராஜ் இருக்கிறது.
என்னிடம் வருவது பெயர்கள்:
தேய்ந்த எழுத்து, முறிந்த செட்டை, பக்கமூடியின் இலக்கம்,
ராங்கி விளிம்பில் ஓடும் குரோமியப் பட்டி.

நவரத்தினராசா மோட்டார்சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.
ஹொண்டா, நூற்றிருபத்தைந்து.
ஐந்து எழுத்தில் நான்காவது இல்லை.
வலது செட்டை முழுசு, இடதில் நுனி உடைந்திருந்தது.
"குவியலுக்க கிடந்து எடுத்தது பிள்ளை, மூண்டு நாள் தேடி.
என்ரதான். மிதிக்கேக்க கால் சொல்லிச்சுது."
நம்பர் பிளேட் இல்லை.
செசி இலக்கத்தைத் துரு தின்று
ஒரு ஏழையும் அரை மூன்றையும் மிச்சம் விட்டிருந்தது.
ஏழு போதுமென்று கந்தோரில் கையெழுத்து வைத்தார்களாம்.
"சிவப்பு அடிக்கவேணும். முந்தி இருந்த அதே சிவப்பு."
ராங்கியைப் பார்த்தேன்.
துருவும் ஒரு சிவப்புத்தானே.

முதல் நாள் வலது செட்டை.
பழப்புளி, பழைய பல்லுப் பிரஷ், கொஞ்சம் பொறுமை.
குழிகளுக்குள்ளிருந்து மண் வந்தது.
விசுவமடுவின் மண் இல்லை, வெள்ளை, கடற்கரை மண்.
அவருக்குச் சொல்லவில்லை.
அந்த ஆண்டில் எல்லா மோட்டார்சைக்கிளும்
கடற்கரைக்குத்தானே போனது.

காய்ந்தபின் குழிக்குள் சிவப்பு:
கியூடெக்ஸ், ஈர்க்கு நுனியில் ஒரு சொட்டு,
மூச்சைப் பிடித்து.
ஆலை நெல் குத்தத் தொடங்கினால் மேசை நடுங்கும்.
அது தேத்தண்ணி நேரம்.

நான்காவது எழுத்தைத் தகட்டில் வெட்டினேன்.
கொழும்பிலிருந்து படமெடுக்க வந்த ஒருவர்
"ரவைக் கோதா?" என்று கேட்டார்,
ஓம் என்றால் சந்தோசப்பட்டிருப்பார்.
இல்லை. நிவாரணத்தில் தந்த கறிக்கரண்டி.
காம்பு வளைந்து சும்மா கிடந்தது.
வளைவை அரத்தால் தேய்க்க ஒரு பின்னேரம் போனது,
இன்னும் பார்த்தால் தெரியும், மற்ற நான்கைவிட
ஒரு நூல் தடிப்பு.

மூன்றாம் நாள் இடது செட்டை.
ஆணி இருக்கவேண்டிய துளைகளில் ஆணி இல்லை.
யாரோ அரால்டைற் வைத்து ஒட்டியிருந்தார்கள்,
ஓரம் வழியாமல், கவனமாக,
நான் ஒட்டியிருந்தால் ஒட்டியிருப்பதுபோல.
"நீங்களோ ஒட்டினது?"
அவர் யோசித்தார்.
யோசித்ததே பதில்.

தங்கூசியை இடுக்கில் விட்டு
இங்காலும் அங்காலும் இழுத்தேன்.
செட்டை கழன்று உள்ளங்கையில் விழுந்தது.
அது இருந்த இடத்தில்
வெயில் படாத, முழங்கால் உரசாத, உப்பு எட்டாத
ஒரு செட்டையளவு
நீலம்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
எதிரே கராஜில் யாரோ ரயர் கழற்றினார்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்,
போட்டுக்கொண்டு பார்த்தார்,
பெருவிரலால் நீலத்தின் கரையை ஒருமுறை சுற்றினார்.

"நல்லா ஒட்டியிருக்கிறான்" என்றார்.
பிறகு, சந்திப் பக்கம் பார்த்தபடி,
"என்ரயையும் ஆரேன் ஓடுவினம்தானே."
பிறகு கனநேரம் ஒன்றுமில்லை.

"அப்ப என்ன நிறம் அடிக்க?"
"சிவப்புத்தான். காசு குடுத்திட்டனே.
செட்டைக்குக் கீழ மட்டும் விடு.
ஒட்டாத பிள்ளை, ஆணி வை.
கழட்டக்கூடின மாதிரி இருக்கட்டும்."

நீலத்தின்மேல் அதே வடிவில் காகிதம் வெட்டி ஒட்டி
சுற்றிவரச் சிவப்பு அடித்தேன், இரண்டு பூச்சு.
காகிதத்தை உரித்தபோது
அது முன்னிலும் நீலமாகத் தெரிந்தது,
வெளிச்சத்தின் பிழையாக இருக்கலாம்.

எழுத்துக்கு இருநூறு குறைக்கச் சொன்னார், குறைத்தேன்.
பட்டிக்கு நூறு, அதற்கும் வாய்த்தர்க்கம்.
பித்தளை ஆணி இரண்டு, எண்பது ரூபா.
அதற்கு மட்டும்
அவர் பேரம் பேசவில்லை.