நூற்றுக்கு ஒன்று

கிளாக்ஸ்விக் துறைமுகத்தில்
பெர்க்டோராவின் சமையலறைச் சுவரில்
பென்சிலால் ஆறு வரி:

தண்ணீர் அறுபத்தெட்டு
பாதாம் எண்ணெய் பதினெட்டு
பிணைக்கும் மெழுகு ஆறு
கம்பளிக் கொழுப்பு நான்கு
கிளிசரின் மூன்று
கெடாமல் காப்பது ஒன்று.

கீழே ஒரு கோடு.
கோட்டுக்கும் கீழே நூறு.
கிராம் இல்லை, கரண்டி இல்லை,
எத்தனை பேருக்கு என்பதும் இல்லை.

கரண்டி இருந்த காலம் ஒன்று உண்டு.
அப்போது அவள் அளவு:
ஒரு கோப்பை, இரண்டு கரண்டி, கொஞ்சம்.
சால்மன் அறுக்கும் மேசையில் எதிரே நின்ற ஹெர்போர்க்குக்கு
உப்புநீரில் விரல் வெடித்து
கையுறைக்குள் ரத்தம் கசிந்த வாரம்
ஒரு டப்பா செய்து கொடுத்தாள்.
மறுவாரம் மேசை முழுக்கக் கேட்டது.
பதினொரு பேர்.
எல்லாவற்றையும் பதினொன்றால் பெருக்கினாள்.
‘கொஞ்சம்’ மட்டும் பெருகவில்லை.
பதினொரு கொஞ்சம் எவ்வளவு?

விடிவதற்குள் கலவை திரிந்து
எண்ணெய் மேலேயும் தண்ணீர் கீழேயுமாக
ஒரே குடுவைக்குள்
பேச்சு நின்றுபோன புருஷன் பெண்டாட்டி.

அதன் பிறகுதான் தராசு. அதன் பிறகுதான் சுவர்.

சோப்புக்கு வேறு நூறு.
அது எண்ணெய்கள் மட்டுமே கூடிய நூறு:
ஆட்டுக்கொழுப்பும் தேங்காயெண்ணெயும் ஆலிவும்
உள்ளே உட்கார்ந்திருக்க,
காரமும் வாசனையும் வாசலுக்கு வெளியே நின்று
உள்ளே இருப்பவர் யார் யார், எவ்வளவு என்று பார்த்துத்
தம் பங்கை வாங்கிக்கொள்ளும்.
ஒரு எண்ணெயை மாற்றினால்
காரத்தின் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.
பெருக்கலாம், வகுக்கலாம். ஆள்மாறாட்டம் கூடாது.

லோஷன் அப்படியில்லை.
எல்லாரும் ஒரே நூறுக்குள்.
புதிதாக யார் வந்தாலும்
தண்ணீர்தான் நகர்ந்து இடம் கொடுக்கும்.

ஆலையில் இரவு முறை நின்றது.
மேசை இருந்த இடத்தில் ஓர் இயந்திரம்.
ஹெர்போர்க் தெற்குத் தீவுக்குப் போனாள்,
சன்னிவா டென்மார்க்குக்கு.
மற்றவர்கள் எங்கே என்று பெர்க்டோரா கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவள் கைகள் மட்டும்.
அறுபது கிராம் போதும்.
சுவரைப் பார்த்து வகுத்தாள்:
காப்பது, புள்ளி ஆறு.
தராசோ சுழியத்தைக் காட்டும்,
பிறகு ஒன்றுக்குத் தாவும்.
இடையில் நடந்ததைச் சொல்லாது.
அது காட்டும் ஒன்று
அரையாகவும் இருக்கலாம், ஒன்றரையாகவும் இருக்கலாம்.
போகட்டும் என்று கண்ணளவில் ஒரு சொட்டு விட்டாள்.
மூன்றாம் வாரம் டப்பாவின் மூடியடியில்
சாம்பல் நிறப் பூஞ்சை, மீசைபோல.

பெருக்கத்துக்கு எல்லையில்லை, பானை போதும்.
சிறுத்துக்கொண்டே போவதற்குத்தான்
ஓர் அடித்தரை இருக்கிறது.
தன் தராசை நம்பத்தக்க இடம்வரை
அவள் திரும்ப ஏறினாள்: ஆயிரம் கிராம்.
காப்பது பத்து.
பத்தில் அரை முன்னே பின்னே இருந்தால் பாதகமில்லை.

பதினாறு டப்பா.
வழித்தும் வராமல் குடுவையில் ஒட்டியது கொஞ்சம்.
(அந்தச் சொல் அவளை விட்டு முழுதாகப் போகவில்லை.)

ஒன்று அவளுக்கு.
பதினொரு முகவரி தேட ஒன்பது தொலைபேசி அழைப்புகள்,
இரண்டு பேருக்கு அதே வீடு.
படகில் ஒரு பொட்டலம், தபாலில் ஒரு பொட்டலம்.
மீதி நான்கு ஜன்னலோரம் நின்றன.

அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடியேறினாள்,
படிக்கட்டு கழுவுவது யார் முறை என்று
இரண்டு வருடமாக முகம் பார்க்காத
ஆல்வில்டின் கதவுக்கு.

ஆல்வில்ட் மூடியைத் திருகி முகர்ந்தாள்.
“இதில் என்ன?”

“நூற்றுக்கு அறுபத்தெட்டு தண்ணீர்.”

“அப்படியென்றால்
முப்பத்திரண்டுக்கு மட்டும் நன்றி,” என்றாள்
கதவைச் சாத்தாமல்,
இடது கையின் பிளந்த கட்டைவிரலில்
அதைத் தேய்த்துக்கொண்டே.