மூன்று ஹாரன்

விமானத்தில் ஒரு சீட்டுக்குத்தான் பணம் இருந்தது.
வலி யாருக்கோ அவர்தானே பறக்க வேண்டும்.
பித்தப்பையைச் சுமந்துகொண்டு செவெல்மா பறந்தாள்.
நான் தர்ப்பூசணி ஏற்றினேன்.

கோவ்திலிருந்து உலான்பாத்தர்
ஆகாய வழி இரண்டரை மணி நேரம்.
சாலை வழி ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்:
என் லாரியின் மூப்பையும்
ஆறு டன் பழத்தையும் சேர்த்துக்கொண்டால்
இரண்டு பகல், இரண்டு இரவு,
அப்புறம் ஒரு டயர்.

அவள் தரையிறங்கியபோது
நான் தார்வியைக்கூடத் தாண்டவில்லை.
ஒட்டகங்கள் சாலையை மறித்து
ஏதோ யோசித்துக்கொண்டு நின்றன.
தலைநகரத்துக் கடிகாரம் எங்கள் ஊரைவிட
ஒரு மணி நேரம் முன்னால் ஓடுவது.
ஆக, என் மனைவி
தூரத்தில் மட்டுமல்ல,
எனக்கு இன்னும் அடிக்காத ஒரு மணியில் இருந்தாள்.

கணவாய் உச்சியில் கற்குவியல்,
குச்சியில் நீலத்துணி படபடக்க.
இறங்கி, மூன்று சுற்றுச் சுற்றி,
கல் ஒன்று வைத்துவிட்டுப் போவது முறை.
அவசரக்காரனுக்கு மூன்று ஹாரன் போதும் என்பார்கள்.
அடித்தேன்.
மூன்றாவது, பாதியில் கம்மிப்போனது.
மீதியைக் கடனாக எழுதிக்கொள் என்று மலையிடம் சொல்லிவிட்டு
கியரை மாற்றினேன்.

அல்தாயில் டவர் கிடைத்தது.
"வந்து சேர்ந்தேன். ஜன்னலோரப் படுக்கை."
பயன்கோங்கோரில்
"ராத்திரியிலிருந்து பட்டினி. பக்கத்துப் படுக்கைக்காரி
ஆட்டுக்கறி சூப்பை உறிஞ்சுகிறாள், பாவி."
வாய்விட்டுச் சிரித்தேன்.
டயர் வெடித்தது அதற்குப் பிறகுதான்.

ஜாக்கி மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே போனது.
நான்கு மணி நேரம். போனில் ஒரு கோடு இல்லை.
தலைக்கு மேல் விமானம் ஒன்று போயிற்று,
எங்கள் ஊர்க்காரர்கள்தான் இருப்பார்கள்,
இன்றைக்குக் கிளம்பி என்னை முந்துகிறவர்கள்.
கையில் நட்டை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தேன்.
அதில் எவனாவது குனிந்து பார்த்திருந்தால்
நான் ஒரு புள்ளி.
லாரியும் அதே புள்ளிதான்.

அர்வைகேரில் போன் துள்ளியது.
முதலில் வந்தது:
"முடிந்தது. இருமினால் வலிக்கிறது."
அதற்குப் பின்னால், மூச்சு வாங்கிக்கொண்டு:
"கூட்டிப்போகிறார்கள். பயமாயிருக்கிறது.
எங்கே இருக்கிறாய்?"

ஒன்று பறந்து வந்திருக்கிறது,
மற்றது என்னைப்போல் தரையோடு.
எல்லாம் முடிந்தது என்று தெரிந்த பிறகு
வந்து நிற்கிற பயத்துக்கு
என்ன பதில் எழுதுவது?
பெட்ரோல் பங்கில், கைகூடக் கழுவாமல்
அந்தப் பழைய மதியத்துக்கு எழுதினேன்:
"இங்கேதான். வந்துகொண்டே இருக்கிறேன்."

கோட்டுக்குள் ஒரு பழத்தை ஒளித்து
வார்டுக்குள் நுழைந்தேன்.
நர்ஸ் கண்டுபிடித்துவிட்டாள்.
செவெல்மா தொடக் கூடாதாம்;
சூப்புக்காரி பாதியைத் தின்றாள்.
அலமாரியிலிருந்து சின்னக் குப்பி ஒன்றை எடுத்து
என் காதருகே குலுக்கினாள் இவள்.
ஏழு கற்கள். பழுப்பு.
தர்ப்பூசணி விதையைவிடக் கொஞ்சம் பெரிசு.

"பழம் விற்ற காசு இருக்கிறது," என்றேன்,
"திரும்பும்போதும் பறந்தே போ."
"மாட்டேன். பத்து நாள் போகட்டும், லாரியில் வருகிறேன்.
இதையெல்லாம் கணவாயில் வைக்க வேண்டும்.
நீ இறங்கியிருக்க மாட்டாய், தெரியும்.
எத்தனை ஹாரன் அடித்தாய்?"

"இரண்டரை," என்றேன்.

சிரிக்க வைக்காதே, தையல், என்று
வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.