எடை மேடை

ஏழாம் பாகம், கடைசி.
செம்பனை ஆலையின் எடை மேடையில் இரவு ஷிப்டு.
லாரிக்கும் லாரிக்கும் நடுவே முப்பது பக்கம்.

முதல் பாகம் வந்தபோது ஐந்தாம் படிவம்.
பாடாங் செராய் பஸ் நிறுத்தத்தில்
கோகிலவாணியும் நானும்
உப்புக்கோட்டை வரைபடத்தைக் கணக்கு நோட்டில் வரைந்து
அரியணை யாருக்கு என்று
ஒரு தட்டு மீ கோரெங் பந்தயம் கட்டினோம்.

உள்ளதைச் சொல்கிறேன்:
ஆறு பாகம் திரட்டிய போர்
நாற்பதே பக்கத்தில் முடிகிறது.
நான்காம் பாகத்தில் செத்தவன்
(அவனுக்காக ஒருநாள் வேலைக்கு மட்டம் போட்டேன்)
கனவு கினவு என்று சாக்குச் சொல்லி எழுந்து வருகிறான்.
பறவைநாகம் பேசுகிறது. பேசியே கொல்கிறது.

ஆனால் அந்த ஓடக்காரன்,
மூன்றாம் பாகத்தில் அக்கரையில் விட்டுவந்தவன்,
நானே மறந்துபோனவன்,
அறுநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
அதே துறையில் நிற்கிறான்.
யார் வென்றது என்று அரசியிடம் கேட்கவில்லை.
"கூலி பாக்கி" என்கிறான்.

வெளியே ஹாரன்.
எத்தனையாவது ஹாரனோ.

ஏற்றி வரும்போது ஒரு எடை,
கொட்டிப் போகும்போது ஒரு எடை,
கழித்தால்தான் குலை எவ்வளவு என்று தெரியும்.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
லாரிக்காரன் போன பிறகும்
கழித்துக்கொண்டிருந்தேன்.

ஜொகூரிலிருந்து கோகிலவாணியின் குரல்:
"முடிவச் சொல்லாத. நல்லாருக்கா, அத மட்டும் சொல்லு."

தட்டினேன், அழித்தேன்.
மறுபடி தட்டினேன்:
மீ கோரெங் பாக்கி.

யார் யாருக்கு என்று
சொல்லவில்லை.