மூணாம் நம்பர் ப்ளோயர்

ஏழு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
முதலாளி கொடுத்தது அறுபத்தி நாலாம் வருஷத்து ஃபியட்.
ப்ளோயரை நானே கேட்டு வாங்கினேன்,
பழைய இரும்புக் கணக்கில், கிலோ நாற்பத்திரண்டு.

ராணிப்பேட்டைக் கழிவுநீர்த் தொட்டிக்குப்
பதினோரு வருஷம் மூச்சுக் கொடுத்த மிஷின்.
தோல் ஊறிய தண்ணீரின் அடியில்
கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில்;
காற்று நின்றால் ஒரே ராத்திரியில் செத்துப்போகும்,
காலையில் ஊரே மூக்கைப் பொத்தும்.
நைட் ஷிஃப்ட்டில் அதன் சத்தத்தில்தான் தூங்குவேன்.
லாக் புக்கில் அது இருக்காது.

"இன்னாம்மா, நாட்டு மாட்டுக்கு ஏரோப்ளேன் மூக்கா?"
என்றார் ஏசுபாதம், காட்பாடி ரோட்டு லேத்தில்.
கேட்டுக்கொண்டே மூடியைக் கழற்றிவிட்டார்.
உள்ளே இரண்டு உருளை, இடுப்பு சிறுத்த எட்டுகள்.
ஒன்றின் குழியில் இன்னொன்றின் வயிறு புகுந்து
சுற்றிச் சுற்றி வரும், ஒருநாளும் தொடாது.
நடுவில் ஒரு முடி போகும் என்றார்.
என் தலையிலிருந்தே பிடுங்கிப் பார்த்தோம்.
போனது.

பிறகு எல்லாம் கணக்கு.
புல்லி எத்தனை அங்குலம், பெல்ட் எத்தனை இழுப்பு.
ஹெட்டுக்கு அடியில் செம்புத் தகடு, ஒன்றரை மில்லி.
கார்புரேட்டர் இடம் மாறி ப்ளோயரின் வாயில் உட்கார்ந்தது.
டிஸ்ட்ரிபியூட்டரை நாலு டிகிரி பின்னுக்குத் திருப்பினார்,
"அவசரப்பட்டா பிஸ்டன் ஓட்டையாயிடும்."
பானெட்டில் ஓட்டை நான் போட்டேன்.
கோணலாகத்தான் வந்தது.

கத்திரி வெயில், தகரக் கூரை,
ஸ்பானரைத் தொட ஈரத் துணி வேண்டும்.
முதல் ஸ்டார்ட்டில் இருமியது.
இரண்டாவதில் சைலன்சர் வழியே
பச்சைத் தோல் வாடை, கடை முழுக்க.
எத்தனை டீசல் ஊற்றிக் கழுவினோம்!
ஏசுபாதம் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டு
டீ சொல்லப் போனார்.

விடிகாலை நாலரைக்கு எடுத்தோம்.
பகலில் வேலூர்க் காற்றில் பாதி வெறும் சூடு;
குளிர்ந்த காற்றில்தான் சரக்கு இருக்கிறது.
பள்ளிகொண்டா பக்கம் சாலை காலி,
ஒரு தக்காளி லாரி, ஒரு பெங்களூர் பஸ்.
மூன்றாவது கியரில் மிதித்தேன்.
முள் அஞ்சு பவுண்டைத் தொட்டது,
சீட் முதுகில் இடித்தது,
பஸ் கண்ணாடிக்குள் சிறுத்துப் போனது.
தொண்ணூறு, நூறு, நூற்றி எட்டு.
ஏசுபாதம் டாஷ்போர்டைப் பிடித்தபடி
ஏதோ ஒரு சங்கீதத்தை முணுமுணுத்தார்.

அந்தச் சத்தம்.
ஷிஃப்ட் ரூம் நாற்காலி, கொசு, மஞ்சள் பல்பு
எல்லாம் அதற்குள் இருந்தன.
வலது பக்கம் பாலாற்று மணல் வெளுத்துக்கொண்டிருந்தது.

சத்தம் நின்றது.

முள் இன்னும் விழவில்லை,
ஏசுபாதம் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.
என் கால் அதற்குள் எழுந்துவிட்டது,
கை, இல்லாத சுவரில், சுவிட்சைத் தேடியது.

ஓரங்கட்டிப் பார்த்தால் பெல்ட் நழுவிக் கிடந்தது.
"எனக்கே கேக்கலியே, உனக்கு எப்படிம்மா?"
பதில் சொல்வதற்குள் அந்தப் பெங்களூர் பஸ்
நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

பதினேழாம் நம்பர் ஸ்பானர் லேத்திலேயே இருந்தது.
முப்பதில் ஊர்ந்து திரும்பினோம்.